பத்து வருஷத்துக்கான கியர் பாக்ஸ்

ரெண்டாம் கியர் என்பது வண்டியில் இருக்கும் ஒன்றல்ல, வண்டியை ஓட்டும் மனிதர். பிக்கப் ஸ்டாண்டில் யாரோ எப்போதோ வைத்த பட்டப்பெயர். வீடு தீப்பிடித்தாலும் மனிதர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அங்கே சொல்வார்கள். நடை, பேச்சு, சாப்பாடு, கோபம் எல்லாமே ஒரே வேகம். ஐம்பத்தாறு வயதில் அந்த வேகமும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை, அவரைத் தவிர.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஆஸ்பத்திரியின் அடித்தளத்திலிருந்து மேலே ஏறும் சரிவில் அவருடைய பிக்கப் நின்றுவிட்டது. பின்னால் நாற்பத்தொரு மூட்டை அழுக்குப் படுக்கைவிரிப்பு. முதல் கியரில் பாதிச் சரிவு ஏறியதும் காலுக்கடியில் யாரோ இரும்புக் கொட்டைகளை மிக்சியில் போட்டு அரைப்பது போல ஒரு சத்தம். அப்புறம் ஒரு வெடிப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, சக்கரம் பாட்டுக்குப் பின்னால் உருண்டது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நனைந்த தரையில் ஓரடி வழுக்கி நின்றது. கீழே ட்ரொலி தள்ளிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஓடிவந்து சுவரோரம் கிடந்த கருங்கல்லைக் காலாலேயே உதைத்துச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினாள்.

"என்னண்ணே, இன்னிக்கு வண்டி பின்னாடியே வருது?"

"கியர் பாக்ஸ் போச்சும்மா."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சு."

அவர் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்களுக்கு மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவருக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் முகத்தை அப்படி வைத்துக்கொண்டார்.

பதினேழு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர். இருபத்து நாலில் லைசன்ஸ். யார் யாருடைய சிமெண்டையோ, யார் யாருடைய செங்கல்லையோ, மீன் பெட்டியையோ சுமந்து, மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது இந்த டீசல் பிக்கப்பை இரண்டாம் கையாக வாங்கினார். மகள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில். வண்டி மட்டும் கூடவே இருக்கிறது. வாங்கிய வருஷமே ஆஸ்பத்திரி லாண்டரிக்காரர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழுக்குத் துணி, சாயங்காலம் துவைத்த துணி, இடையில் அறுவை சிகிச்சை அறைக்கு ஒரு நடை. பத்தொன்பது வருஷம். ஊரில் யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எத்தனை படுக்கை நிறைந்திருக்கிறது என்பதை வண்டி சரிவில் முனகுவதை வைத்தே சொல்லிவிடுவார்.

இடது முழங்கால் இரண்டு வருஷமாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. லாண்டரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகையில் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் மூன்று தடவை வரவேண்டும். அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார், தெரிந்து என்ன ஆகப்போகிறது. காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் முழங்கால் மடங்கச் சம்மதிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். வெளியே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும்.

மனைவியிடம் சொல்லலாம்தான். ஆனால் மனைவி அதே லாண்டரியில் துணி மடிக்கும் மேஜைக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை நின்றபடியே வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பு வார் காலில் பதித்த பள்ளம் ராத்திரி வரை மறையாது. நாள் முழுக்க நிற்கிறவளிடம் போய், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவன் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? வாய் வரைக்கும் வந்து திரும்பிப்போன நாட்கள் நிறைய.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ரேடியோவின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். ரேடியோ மெக்கானிக். வாய் ஓயாதவன் என்பதால் அந்தப் பெயர். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதும் பேசுவான், கேட்க ஆளில்லாவிட்டாலும் பேசுவான். பகல் பதினொன்றுக்குள் கியர் பாக்ஸைக் கழற்றித் தரையில் சாய்த்து ஆயிலை வடித்தான். ஆயிலோடு சேர்ந்து இரும்புப் பற்கள் தட்டில் சலசலவென்று விழுந்தன.

"பாருங்கண்ணே. வாயில ஒரு பல்லு பாக்கியில்ல. பொக்கை வாய்க் கிழவனா ஆயிருச்சு. மூணாவது கியர் கழண்டுக்கிட்டே இருக்குன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன், கேட்டீங்களா? கையாலயே புடிச்சு ஓட்டினீங்க. இப்ப கூடும் விரிசல் விட்டிருச்சு. பிரிச்சுச் சேக்கலாம்னா உள்ள மிச்சம் இருக்கணும்ல? வேற பாக்ஸ்தான்."

"புதுசா?"

"புதுசு இப்ப யாரு செய்யறா இந்த வண்டிக்கு? பழைய வண்டி உடைக்கிற யார்டுலதான் பார்க்கணும். இதே மாடல், இதே டீசல். நான் வேணா வரேன்."

"வேண்டாம். நானே பார்த்துக்கறேன்."

"அதுவும் சரிதான். உங்க கைக்குத் தெரியாததா?"

அது முகஸ்துதி இல்லை. ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தே பெட்டிக்குள் எந்த பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற கை அது. ஸ்டாண்டில் யார் பழைய பாக்ஸ் வாங்கினாலும் அவரை ஒருதடவை தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

போனில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் லாண்டரி இயந்திரங்கள் இரைந்தன. அவள் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

"சரி விடுங்க, ஆனது ஆச்சு. நல்லதா பார்த்துப் போடுங்க, கேட்டுதா? பத்து வருஷம் திரும்பிப் பார்க்காத மாதிரி!"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அந்தப் பத்து வருஷம் காதிலேயே இருந்தது. ஐம்பத்தாறும் பத்தும் அறுபத்தாறு. ஒரு நாளைக்கு ஆறுமுறை நூற்றுப் பன்னிரண்டு. மேற்கொண்டு கணக்குப் போட அவருக்குத் துணிவில்லை.

யார்டு ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி. பஸ்ஸில் போய் இறங்கி நடந்தார். கதவுகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன, கண்ணாடிகள் ஒரு பக்கம், ஸ்டியரிங்குகளை ஒரு கம்பியில் வளையல் மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நடத்துகிறவள் நாற்பது வயதுப் பெண். பிய்த்தெடுத்த பஸ் சீட் ஒன்றைத் தகரக் கூரைக்கடியில் போட்டு அதில் உட்கார்ந்திருப்பாள். எழுந்து நிற்பதே அபூர்வம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தச் சாமான் எந்த மூலையில் கிடக்கிறது என்று கை நீட்டிக் காட்டிவிடுவாள்.

"வாங்கண்ணா. யாருக்குப் பார்க்க வந்தீங்க இன்னிக்கு?"

"எனக்கேதான் தங்கச்சி."

"அடடே. டாக்டருக்கே காய்ச்சலா?"

மூன்று பாக்ஸ் இருந்தன. மூன்றையும் பலகையில் வரிசையாக வைக்கச் சொன்னாள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தது போலத்தான் இருந்தன.

முதலாவதின் முன் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார், பின்னால் ஒரு கோடு. முதல் கியரில் போட்டுச் சுற்றினார். பின் ஷாஃப்ட் ஒரு சுற்று வர முன் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினார். மூன்றரை. "இது பெட்ரோல் வண்டியோடது" என்று தள்ளி வைத்தார். கூடு ஒன்றுதான், உள்ளே பல் வேறு. இதைப் போட்டால் சமதரையில் பறக்கும், மூட்டையோடு சரிவில் ஏறச்சொன்னால் அழும்.

இரண்டாவது, பின்னால் லாரி இடித்து நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்தது. நான்கு சுற்றும் கொஞ்சமும், டீசலுடையதுதான். சரி. ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். அசைவே இல்லை. மூடியைத் திறந்து விரலை விட்டார். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். இரும்புத்தூளின் ஒரு மினுக்கம்கூட இல்லை. ஒவ்வொரு கியராக மாற்றினார். லிவரைத் தொட்டதும், தூக்கத்தில் திரும்பிப் படுக்கும் குழந்தை மாதிரி, தன் இடத்தில் போய் விழுந்தது. அவர் கை கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருந்தது. முப்பது வருஷத்தில் இவ்வளவு நல்ல பழைய பாக்ஸை அவர் தொட்டதில்லை.

இது பத்து வருஷம் ஓடும். பன்னிரண்டு கூட ஓடும்.

மூன்றாவதையும் சுற்றினார். அதுவும் நான்கு சுற்று. ஆனால் சுற்றும்போது, எங்கேயோ ஆழத்தில், பல்லிடுக்கில் மணல் அகப்பட்டது போல ஒரு நறநறப்பு. மூடியைத் திறந்தார். ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. பெட்டியின் வாய்ப்பக்கத்தில், உட்சுவரில், ஒரு மெல்லிய மண்கோடு. வெள்ளம் வந்துபோன வீட்டுச் சுவரில் இருக்குமே, அந்த மாதிரி.

"அது தண்ணிக்குள்ள கெடந்த வண்டிண்ணா" என்றாள் அவள், கேட்காமலேயே. "தெரியாத ஆளா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். உங்ககிட்ட மறைச்சு என்ன பண்ண?"

"எவ்வளவு நாள் கெடந்துச்சு?"

"எட்டு நாள்னாங்க. எட்டுன்னா பதினஞ்சுன்னு வெச்சுக்குங்க. ஒரு வருஷம் ஓடும், மிஞ்சிப் போனா ரெண்டு."

ரெண்டு வருஷம். அவர் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். ரெண்டு வருஷம் கழித்து ஒருநாள், இன்றைக்குப் போல, சத்தம் வரும். அன்றைக்கு அவருக்கு ஐம்பத்தெட்டு. வண்டி கிழடாகியிருக்கும், சாமான் கிடைக்காது. ரேடியோவே உதட்டைப் பிதுக்குவான். 'இதுக்கு மேல இந்த வண்டிக்குச் செலவு பண்றது வீண்' என்று ஊரே சொல்லும். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. முடியவில்லை என்கிற வார்த்தையை வண்டியே சொல்லிவிடும். அவர் தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

"இதை எடுத்துக்கறேன்" என்றார்.

அவள் பஸ் சீட்டிலிருந்து எழுந்தாள். அன்றைக்கு அவள் எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணா, நடுவுல இருக்கறதைச் சொல்றீங்களா?"

"இல்ல. கடைசி."

"கண்ணு தெரியுதுல்ல?"

"தெரியுது."

அவருக்குக் கைமுடை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். "நடுவுல உள்ளதை எடுத்துட்டுப் போங்க, காசை மெதுவா குடுங்க" என்றாள். அவர் தலையாட்டி மறுத்தார். "சரி. ஒரு வாரத்துக்குள்ள மனசு மாறினா கொண்டுவாங்க, மாத்திக்கலாம். நடுவுல இருக்கறதை அதுவரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் அவரை வெகுநாள் உறுத்தியது. பால் நிற ஆயிலை வடித்துவிட்டு, யார்டிலேயே ஒரு டப்பா புது ஆயில் வாங்கி ஊற்றினார். ஊற்றுவதற்கு முன் தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து, பெட்டியின் உட்சுவரில் இருந்த மண்கோட்டை மெதுவாக, மூலை முடுக்கு விடாமல், துடைத்தெடுத்தார். எந்தக் காரியத்தையும் அவர் அரைகுறையாகச் செய்ததில்லை. இதையும் செய்யவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் மூன்று சக்கர வண்டியில் பாக்ஸ் ரேடியோவின் ஷெட்டுக்கு வந்து இறங்கியது. ரேடியோ வழக்கம்போலப் பேசிக்கொண்டே அதைச் சுற்றி வந்தான். மாமியார் வீட்டுக்குப் போன கதை, பக்கத்துக் கடைக்காரன் நாய் வாங்கின கதை. "அண்ணன் செலக்‌ஷன்னா நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். அப்படியே தூக்கி மாட்ட வேண்டியதுதான்" என்றான். போல்ட் உட்காரும் துளைகளை மட்டும் சுத்தம் செய்யலாம் என்று ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முதல் துளைக்குள் விட்டுத் திருகினான்.

துளையிலிருந்து மண் விழுந்தது. காய்ந்த, மாவு போன்ற, ஆற்று மண்.

இரண்டாவது துளையிலும் விட்டான். அதிலும் மண். ரேடியோ குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்து, ஷாஃப்டை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்று. நாய் வாங்கின கதை பாதியில் நின்றிருந்தது. ஷெட்டுக்குள் அப்படி ஓர் அமைதி வந்து அவர் பார்த்ததில்லை. மூலையில் இருந்த காற்றுப் பம்பு விட்டு விட்டு மூச்சுவிடுவது கேட்டது.

"அண்ணே" என்றான் கடைசியில். "யாரோ உங்களை ஏமாத்திட்டாங்க."

அப்படியே விட்டிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த யார்டுக்காரி எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது.

"இல்லடா. அவ சொல்லித்தான் குடுத்தா."

"பின்ன?"

"தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"தெரிஞ்சா?" ரேடியோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஆயிலே காட்டிக்குடுத்திருக்குமே?"

"நான்தான் மாத்தினேன்."

"எதுக்கு?"

"எனக்கு ரெண்டு வருஷம் ஓடினா போதும்."

ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தான், அப்புறம் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தான். இடது காலை நீட்டிப் போட்டு, கையால் முழங்காலைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ தடவை பார்த்ததுதான். இன்றைக்குத்தான் புரிந்தது.

"சரிண்ணே. ரெண்டு வருஷம்னே வெச்சுக்குவோம். ஆஸ்பத்திரிச் சரிவுல இறங்கறீங்க. லோடு இருக்கு. ரெண்டாவதுல போட்டுப் புடிச்சு இறங்கறீங்க. அப்ப இது கழண்டுக்கிட்டா?"

"கையால புடிச்சுக்குவேன்."

"மூணாவதைப் புடிச்ச மாதிரியா? அது ரோட்டுல. இது சரிவுல. தரை எப்பவும் ஈரம். கீழ ட்ரொலி தள்ளிக்கிட்டு அந்தப் பொம்பளைங்க நிப்பாங்க. எந்தக் கையால அவங்களைப் புடிப்பீங்க?"

கருங்கல்லை உதைத்துத் தள்ளிய பெண்ணின் கால் கண்ணுக்கு முன் வந்தது. ரப்பர்ச் செருப்பு போட்ட, வெடித்த குதிகால். தனக்கு மட்டுமே கெடுதல் என்று நினைத்துச் செய்த காரியத்தில் அந்தக் கால் எப்படி வந்து நின்றது என்று அவருக்குப் புரியவில்லை.

"மாட்ட மாட்டேன்" என்றான் ரேடியோ. "வேற ஆளைப் பாருங்க. வேற ஆளையும் மாட்ட விடமாட்டேன், வாசல்ல படுத்துக்குவேன்."

அந்த நேரத்தில்தான் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். லாண்டரியில் அரைமணி நேரம் இடைவேளை. ஷெட் இரண்டு தெரு தள்ளி. உள்ளே நுழைந்ததும் இரண்டு ஆண்களின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ரேடியோ பேசாமல் இருந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு தம்பி?"

"ஒண்ணும் ஆகல அண்ணி. பாக்ஸ் சரியில்ல" என்றான். வாழ்க்கையில் அவன் பேசிய மிகச் சிறிய வாக்கியங்களில் ஒன்று.

"சரியில்லாததையா இவர் வாங்கினாரு?"

அவர் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவருக்கு அதுவே தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் உக்காரேன்."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. சொல்லுங்க."

அவர் சொன்னார். அவருக்கே உரிய வேகத்தில், ஒவ்வொன்றாக. முழங்கால், குளியலறைக் குழாய், நூற்றுப் பன்னிரண்டு, பத்து வருஷம், மண்கோடு. துண்டால் துடைத்ததைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டார். ரேடியோ எழுந்து வெளியே போய் வாசலில் நின்று, வராத யாரையோ எதிர்பார்ப்பது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ நாள் பூரா நிக்கறே. உன்கிட்ட வந்து நான் எப்படிச் சொல்றது?" என்று முடித்தார்.

அவள் அழுவாள் என்று நினைத்தார். இல்லாவிட்டால் அவளும் தன் அலுப்பைச் சொல்வாள் என்று. அவள் இரண்டையும் செய்யவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் நிக்கறேன்னா, நீங்க உக்காந்தே சாகணுமா? காலு வலிக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு வாய் போதாதா, கியர் பாக்ஸைக் கூட்டிட்டு வரணுமா சாட்சிக்கு?"

"பத்து வருஷம்னு சொன்னியே."

"பாக்ஸைச் சொன்னேன்! உங்களையா சொன்னேன்?" அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பாக்ஸ் பத்து வருஷம் ஓடட்டும். ஓட்டறது நீங்கதான்னு யார் எழுதி வெச்சாங்க? ஆஸ்பத்திரி கேட்டுல தினம் நாலு பேர் வந்து டிரைவர் வேலை இருக்கான்னு நிக்கறாங்க. நல்ல பாக்ஸ் இருந்தா எவனாவது ஓட்டுவான், இல்ல எவனாவது வாங்குவான். இந்தச் சகதிப் பெட்டியைப் போட்டீங்கன்னா எவன் தொடுவான்? உங்க கைக்கு மட்டும்தான் அது ஓடும். ரெண்டு வருஷமும் நீங்களேதான் கெடந்து மிதிக்கணும். இது கூடவா தோணல?"

அவருக்குத் தோன்றவில்லைதான். முப்பத்திரண்டு வருஷமாக வண்டி ஓடினால் அவர் ஓட்டுகிறார் என்று அர்த்தம், அவர் ஓட்டவில்லை என்றால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். இரண்டும் தனித்தனி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வண்டியோடு சேர்த்தே தன்னைப் பெற்றார்கள் என்பது போல இத்தனை வருஷம் இருந்துவிட்டார். வாசலில் ரேடியோவின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறானா, இருமுகிறானா, தெரியவில்லை.

"அப்புறம் நான் என்ன பண்றது?" என்று கேட்டார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"முதல்ல டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க. பத்தொன்பது வருஷமா ஆஸ்பத்திரிக்கு நித்தம் மூணு தடவை போய் வர மனுஷன், ஒரு தடவை மேல் மாடிக்குப் போயிருக்கீங்களா?"

அவள் மணி பார்த்தாள். இடைவேளை முடிய ஏழு நிமிஷம் இருந்தது. பாத்திரத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் ரேடியோவைத் தாண்டும்போது, "தம்பி, இவரைத் தனியா யார்டுக்கு அனுப்பாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். சந்து திரும்பும் வரை அவள் நடப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலை ஊன்றும்போது கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். அது எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றைக்கு ராத்திரி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். இருந்தாலும் கேட்க வேண்டும்.

பிற்பகலில் இருவரும் சகதிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு யார்டுக்குப் போனார்கள். யார்டுக்காரி இவர்களைக் கண்டதும், "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றாள், உட்கார்ந்தபடியே. "ராத்திரி தூக்கம் வரல எனக்கு. நல்ல சாமானை வெச்சுட்டுக் குப்பையைத் தூக்கிட்டுப் போறாரே, ஒருவேளை இவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியோன்னு, திரும்பத் திரும்பப் போய் அந்தக் குப்பையோட ஜாதகத்தையே யோசிச்சேன்."

"எனக்குத்தான் தெரியல தங்கச்சி" என்றார் அவர்.

அவளுக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் அவருக்குத் தெம்பில்லை. நடுவில் இருந்த பாக்ஸை ரேடியோ ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, காதலியைப் பார்த்தவன் மாதிரி பெருமூச்சு விட்டான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். ஒருநாள் பேச்சு பாக்கி இருந்தது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மாட்டி முடித்தான். லாண்டரிக்காரர் மூன்று நாளும் வேறு வண்டி வைத்துச் சமாளித்துவிட்டார். புது டிரைவர் கிடைக்கும் வரை, ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ, இவரே ஓட்டுவதாகப் பேச்சு. திங்கட்கிழமை காலை மேல் மாடியில் எலும்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கிவைத்திருந்தாள் மனைவி. எதுவும் முடிந்துவிடவில்லை. ஒரு மாசத்திலும் கிளட்ச் உண்டு, சரிவு உண்டு, மூட்டை உண்டு.

ரேடியோ கையைத் துடைத்துவிட்டுச் சாவியை நீட்டினான்.

"ஏறுங்கண்ணே. ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. வெண்ணெய் மாதிரி விழும்."

அவர் சாவியை வாங்கவில்லை. வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனார்.

"நீ ஓட்டு. நான் உக்காந்து வரேன்."

அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடி எப்படித் திறக்கும் என்றே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. மேலே தூக்கினார், கீழே அழுத்தினார். கடைசியில் ரேடியோ உள்ளிருந்து சாய்ந்து திறந்துவிட்டான். சீட்டு உயரமாக, பழகாத மாதிரி இருந்தது. வண்டி கிளம்பியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது அவருடைய இடது கால் தானாகவே தரையை மிதித்தது. மூன்றாவதுக்கும் மிதித்தது. ரேடியோ அதைக் கவனித்துவிட்டு மாமியார் கதையைத் தொடர்ந்தான்.

மார்க்கெட் தெருவுக்குள் போனார்கள். இந்தத் தெருவில் எத்தனையோ ஆயிரம் தடவை போயிருக்கிறார். ஓட்டுகிறவனின் கண் எதிரே வருகிறவனை மட்டும்தான் பார்க்கும். இடது ஓரத்தில், பாத்திரக் கடைக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவே, ஒரு சின்ன முடிவெட்டும் கடை இருந்தது. ஒரே ஒரு நாற்காலி. வெள்ளைத் துணி போர்த்திய ஒருவர் அதில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"இந்தக் கடை எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"எதுண்ணே? அதுவா? அது என் கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கே. அங்கதான் மாப்பிள்ளைக்குன்னு என் தலைய ஒரு பக்கம் ஏத்தி ஒரு பக்கம் இறக்கி வெட்டிவிட்டான், கேட்டீங்கன்னா..."

ரேடியோ நாலாவதுக்கு மாற்றினான். சத்தமே வரவில்லை. அவர் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார்.